பூஜ்யத்துக்கு மேலே ஒரு மயிரிழை

முள் பூஜ்யத்தில் நிற்கவில்லை.

சோலைமுத்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து, திரும்ப மாட்டிக்கொண்டு குனிந்தார். வால்வின் மேல் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் அழுத்தக் கேஜ். வெள்ளை முகம், கறுப்பு எண்கள், சிவப்பு முள். முள்ளின் நுனி பூஜ்யக் கோட்டின் மேல் படுத்திருக்க வேண்டும். அது கோட்டைவிட்டு ஒரு மயிரிழை எழுந்திருந்தது. வேறு யார் கண்ணிலும் பட்டிருக்காது. முப்பத்தொரு வருஷம் வால்வுகளோடு புழங்கியவர் கண்ணில் பட்டது.

நகத்தால் கேஜைச் சுண்டினார். முள் நடுங்கியது. நடுங்கிவிட்டு அதே மயிரிழையில் போய் நின்றது.

அந்த வால்வு எதனோடும் இணைக்கப்பட்டிருக்கவில்லை. அரபு நாட்டு யான்பு தொழிற்பேட்டையின் கடைசித் தெருவில், தகரக் கூரை போட்ட அந்தப் பட்டறையின் நடுவில், இரண்டு மரக்கட்டைகளின் மேல் படுத்த கன்றுக்குட்டியைப் போலக் கிடந்தது, அவ்வளவுதான். அதன் இரண்டு வாய்களையும் இரும்புத் தட்டு வைத்து அடைத்திருந்தார்கள். மேல்மூடியைச் சுற்றிப் பதினாறு நட்டுகள். விசாரணைக்காரர்கள் பதினொரு மாதம் தங்கள் கிடங்கில் வைத்து, மூடியைத் திரும்பப் பூட்டி, தண்ணீர் ஏற்றிச் சோதித்துப் பார்த்துவிட்டு, ஃபைலை மூடிப் போன வாரம்தான் திருப்பி அனுப்பியிருந்தார்கள். மத்தியானம் மூன்று மணிக்குப் பழைய இரும்பு லாரி வந்து எடுத்துப் போகும்.

"என்னண்ணே, பொண்ணு பாக்க வந்த மாப்ள மாதிரி அதையே பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?"

ஸ்டோர் கீப்பர் ஆரிப், சாவிக் கொத்தைச் சுழற்றிக்கொண்டு வந்தான். கீழக்கரைக்காரன். பன்னிரண்டு வருஷமாக அவரோடு வேலை பார்ப்பவன். அவரிடம் கேலி பேசத் துணிந்த ஒரே ஆள்.

"முள்ளப் பாருப்பா."

"பாத்தாச்சு. சீரோ."

"சீரோ இல்ல."

ஆரிப் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். "அல்லா உங்களுக்கு மட்டும் மைக்ரோமீட்டர்ல கண்ணு வச்சுட்டான். சோதிச்ச தண்ணி கொஞ்சம் உள்ள நின்னிருக்கும்ணே. டேக்கை எழுதிக் கட்டிருங்க. டேக் இல்லாம கான் பாய் லாரில ஏத்த மாட்டாரு. உசுருக்குப் பயந்த மனுசன்."

பச்சை டேக் என்பது அந்தப் பட்டறையில் போர்மேன் சோலைமுத்து ஏற்படுத்திய வழக்கம். எந்த வால்வு உள்ளே வந்தாலும் போர்மேன் முதலில் அதன் அடி வயிற்றில் உள்ள பிளக்கைக் கழற்ற வேண்டும். உள்ளே மிச்சம் இருப்பது வடிய வேண்டும். கழற்றிய பிளக்கையே கம்பியில் கோத்து, சாட்சிபோல, வால்வின் வீலில் தொங்கவிட வேண்டும். பக்கத்தில் பச்சை டேக்: அழுத்தம் பூஜ்யம், தேதி, கையெழுத்து. பிளக் வெளியே தொங்குகிறது என்றால் உள்ளே துவாரம் திறந்திருக்கிறது என்று பொருள். அதைப் பார்த்த பிறகுதான் யாரும் மூடியின் நட்டில் ஸ்பானர் வைக்கலாம்.

அவர் குனிந்து வால்வின் அடியில் கையைவிட்டுத் தடவினார். பிளக் அங்கேயே இருந்தது. துருவேறி, உடம்போடு உடம்பாக ஒட்டி. பதினொரு மாதத்துக்கு முன்பு எப்படி இருந்ததோ அப்படியே.

கையை எடுத்துக்கொண்டார்.

"என்னண்ணே?"

"ஒண்ணுமில்ல."

மேஜைக்குப் போய் ஒரு புதிய பச்சை டேக்கை எடுத்தார். பூஜ்யம் என்று எழுதினார். தேதி போட்டார். கையெழுத்திடும்போது பேனா ஒரு கணம் நின்றது. பிறகு வழக்கமான சுழிப்போடு ஓடி முடிந்தது. பழைய இரும்புதானே. யார் திறக்கப் போகிறார்கள்? வீலில் டேக்கைக் கட்டினார். பிளக் கட்டவில்லை. கேட்டால் தொலைந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம்.

"நாளக் கழிச்சு உங்களுக்கு ஃபைனல் எக்ஸிட், ஒரேயடியா ஊருக்கு," என்றான் ஆரிப். "அடுத்த மாசம் பொண்ணு கல்யாணம். ஊருக்குப் போயும் பந்தலுக்குப் பச்ச டேக் கட்டிட்டுத்தான் ஆளை உள்ள விடுவீங்க போல."

சோலைமுத்து கடிகாரத்தைப் பார்த்தார். மணி பன்னிரண்டு. கோடையில் பன்னிரண்டு முதல் மூன்று வரை வெளி வேலை கூடாதென்று சட்டம். முற்றத்தில் இருந்த ஆட்கள் எல்லாரும் கேம்ப் பஸ்ஸில் ஏறிவிட்டார்கள். அவருக்கு மட்டும் கடைசிக் காகிதங்கள் பாக்கி.

"மணல் காத்து கெளம்பிருச்சு. ஷட்டரை இறக்கிட்டுப் போறேன்," என்றான் ஆரிப். "பக்கத்துக் கதவு தொறந்துதான் கெடக்கு."

ஷட்டர் கடகடவென்று இறங்கித் தரையில் முட்டியது. பஸ் போகும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு காற்றில் மணல் தகரத்தின் மேல் அரிசி கொட்டுவதுபோல் உதிரும் ஓசை மட்டும்.

பட்டறையின் மூலையில் கண்ணாடி ஜன்னல் வைத்த சின்ன கேபின்தான் அவருடைய ஆபீஸ். ஏசி ஒரு சீராக முனகிக்கொண்டிருந்தது. கிரீஸ், டீசல், ஈர மணல் எல்லாம் சேர்ந்த, அவருக்குப் பழகிப்போன அந்த வாடை. கூரையின் நடுவில் வெளிச்சத்துக்காகத் தகரத்துக்குப் பதில் ஒரு ஃபைபர் ஷீட் போட்டிருந்தார்கள். அதன் வழியாக உச்சி வெயில் பால் கலந்த டீயின் நிறத்தில் ஒரு சதுரமாகத் தரையில் விழுந்திருந்தது. அந்தச் சதுரம் மெல்ல நகர்ந்து வால்வை நோக்கி வருவதைச் சோலைமுத்து ஜன்னல் வழியே பார்த்தார். பார்க்காமல் இருக்க முயன்று, மறுபடியும் பார்த்தார்.

கமுதிப் பக்கம் அவருடைய குடும்பத்துக்கு ஒரு மரியாதை உண்டு. அந்த வீட்டு ஆண் எவனும் பஞ்சாயத்தில் தலை குனிந்து நின்றதில்லை. பொய் சொன்னான் என்று அந்த வீட்டைப் பார்த்து யாரும் விரல் நீட்டியதில்லை. முப்பத்தொரு வருஷத்தில் அவர் கையெழுத்திட்ட எந்த வால்வும் யாரையும் காயப்படுத்தியதில்லை. அப்படித்தான் காகிதம் சொல்கிறது. விசாரணையின் கடைசிப் பக்கமும் அப்படித்தான் சொல்கிறது: டேக் இல்லாத வால்வைத் தொழிலாளி அவசரப்பட்டுத் தானாகவே திறந்திருக்கிறார்.

தொழிலாளியின் பெயர் விஜயபாஸ்கர். சோலைமுத்துவின் அக்கா ராக்கம்மாவின் ஒரே மகன். மகள் ஜோதிமணிக்கு முறை மாப்பிள்ளை.

டிக்.

வெளியே, பட்டறையில். இரும்பு சூடேறும்போது அப்படி ஒரு சத்தம் வருவதுண்டு. வெயில் சதுரம் வால்வின் ஒரு முனையைத் தொட்டிருந்தது.

டிக். டிக்.

போன் அடித்தது. அக்கா.

எடுக்கலாமா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டே இருந்து, கடைசி மணியில் எடுத்தார்.

"தம்பி, சாப்ட்டியா?"

"ஆச்சுக்கா."

"பத்திரிக்க வந்துச்சு. என் பேரையும் போட்டிருக்க. அத்தைன்னு." "நான் கல்யாணத்துக்கு வரலப்பா."

"என்னக்கா இது? நீ வராம எப்படி?"

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வந்து நிக்க? கொழாயடில கூடப் பேசுறாளுக. மாமன் பேச்சக் கேக்காம, துடுக்குத்தனமாப் போயிச் செத்தவனோட ஆத்தான்னு. செத்ததக்கூடத் தாங்கிக்கிட்டேன் தம்பி. இதத் தாங்க முடியல. அவனா உன் பேச்ச மீறுவான்? நீ நில்லுன்னா ராத்திரி பூரா நிப்பான். நீ ஊருக்கு வந்ததும் சபையில ஒரு வார்த்த சொல்லு. அவன் மேல தப்பு இல்லன்னு. அது போதும். நான் வந்து பொண்ணுக்கு விளக்கேத்துறேன்."

ஒரு வார்த்தை. சோலைமுத்து அந்த வார்த்தையை மனதுக்குள் எடுத்துப் பார்த்தார். அவன் மேல் தப்பு இல்லை என்றால் பின்னே யார் மேல் என்று அடுத்த வாய் கேட்கும். புதுச் சம்பந்தி வீட்டார் கேட்பார்கள். ஜோதிமணி கேட்பாள். அந்த ஒரு வார்த்தை, கடைசி நட்டைத் தளர்த்துவது மாதிரி.

"அக்கா, அவன் நல்ல பயதான். ஆனா அவசரக்காரன். நான் நூறு தடவ சொல்லியிருக்கேன், டேக் பாக்காமத் தொடாதடான்னு."



"தம்பி, அது என்ன சத்தம்?"

"எது?"

"பாம்பு சீறுற மாதிரி. உன் பக்கத்துல."

அவர் காதிலிருந்து போனை விலக்கிக் கேட்டார். ஏசியின் முனகல். மணல். வேறொன்றும் இல்லை.

"ஒண்ணுமில்லக்கா. ஏசி."

"இல்லப்பா. யாரோ பல்லக் கடிச்சுக்கிட்டு மூச்ச விடுறாப்ல இருக்கு. சரி... நீ யோசிச்சுச் சொல்லு. நான் திரும்பக் கூப்புடுறேன்."

போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். கால் தானாகவே வால்வை நோக்கி நடந்தது.

வெயில் சதுரம் இப்போது அதன் முழு உடம்பையும் மூடியிருந்தது. முள் ஏழில் நின்றது.

ஏழு.

தண்ணீர்தான் என்று சொல்லிக்கொண்டார். முழுக்க நிரம்பி, ஓர் இணுக்குக்கூட இடமில்லாமல் அடைபட்ட தண்ணீருக்குக் கொஞ்சம் சூடு போதும், முள் ஏறும். கேட் வால்வின் குணம் அவருக்குத் தெரியாததா? உள்ளே ஒரு தகடு இறங்கி வழியை மறிக்கும். தகட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு வளையம், அந்தப் பக்கம் ஒரு வளையம். லைனில் அழுத்தம் இருக்கும்போது அது வளையத்தின் இடுக்கு வழியாக நடு வயிற்றுக்குள்ளும் புகுந்து நிரம்பிவிடும். பிறகு லைனைக் காலி செய்தால் இரண்டு பக்கமும் பூஜ்யம் காட்டும். ஆனால் வயிற்றுக்குள் போனது வராது. உள்ளிருந்து இரண்டு பக்கமும் தள்ளும்; தள்ளத் தள்ள இரண்டு வளையங்களும் இன்னும் இறுகும். வெளியே வர வேண்டியதே கதவை உள்ளிருந்து சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அதற்கு மேல் புறம், கீழ்ப் புறம் என்று பேதம் கிடையாது. எல்லாப் பக்கமும் ஒரே தள்ளு. முகம் எவ்வளவு அகலமோ பலம் அவ்வளவு. அழுத்தம் நாற்பது பார் என்றால் நகம் அகலமுள்ள இடத்தில் நாற்பது கிலோ. அதே நாற்பது பார் பதினொரு அங்குல மூடியின் மேல் இருபத்தைந்து டன். மணல் ஏற்றிய லாரி ஒன்று மூடிக்கு அடியில் தலைகீழாக நின்று மேலே பார்த்துக்கொண்டிருக்கிறது என்று விஜயபாஸ்கரிடம்தான் ஒரு தடவை சொன்னார். அவன் சிரித்தான். "அப்ப டிரைவரு நீங்கதான் மாமா."

போன ஆகஸ்டில் இந்த வால்வு வந்தபோது உள்ளே இருந்தது தண்ணீர் அல்ல. அழுத்தத்தால் மட்டுமே திரவமாகக் கிடக்கும் கேஸ்; வெளியே பாய்ந்தால் பட்டதையெல்லாம் உறைய வைக்கும்.

அன்றைக்கும் மணி பன்னிரண்டு ஆக இருந்தது. பிளக்கில் ஸ்பானர் வைத்தார், அசையவில்லை. துரு. அந்த நேரம் ஊரிலிருந்து போன். ஜோதிமணிக்கும் விஜயபாஸ்கருக்கும் நிச்சயத் தேதி குறிக்கப் பெரியவர்கள் கூடியிருந்தார்கள்; சோலைமுத்து வாயைத் திறந்து தேதி சொல்ல வேண்டும் என்று காத்திருந்தார்கள். சாயங்காலம் எண்ணெய் விட்டுக் கழற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தார். அதுவரை போர்மேன் வேலை பாக்கி என்று யாரும் பேசிவிடக் கூடாது. டிராயரில் கிடந்த வேறொரு பழைய பிளக்கைக் கம்பியில் கோத்து வீலில் கட்டினார். பூஜ்யம் என்று எழுதிக் கையெழுத்திட்டார். போனை எடுத்துக்கொண்டு நிழலுக்குப் போனார்.

சீக்கிரம் முடித்துப் பஜாருக்குப் போய் ஜோதிமணிக்குப் புடவை எடுக்க வேண்டும் என்று, மூன்று மணிக்கு வர வேண்டிய விஜயபாஸ்கர் அரை மணி நேரம் முன்னதாகவே வேலைக்கு வந்துவிட்டான்.

வேறொருவனாக இருந்தால் குனிந்து அடியில் தடவிப் பார்த்திருப்பான். விஜயபாஸ்கர் பார்க்க மாட்டான். வேலைக்கு வந்த முதல் மாதத்தில் அப்படி ஒரு தடவை பார்த்திருந்தான். எல்லோர் முன்னாலும் அவன் கன்னத்தில் அறை விழுந்தது. "என் கையெழுத்தையே சோதிக்கிறியாடா?" அதன் பிறகு அவன் சோதித்ததே இல்லை. பச்சை டேக்கைப் பார்த்தால் பாதி விளையாட்டாகவும் பாதி மரியாதையாகவும் இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொள்வான். "மாமா சொன்னா சரி." பிறகு நட்டைத் தளர்த்துவான். அவர் சொல்லிக்கொடுத்த ஒழுங்கில், ஒன்று, அதற்கு நேர் எதிரே ஒன்று.

டிக்.

முள் பன்னிரண்டில் நின்றது.

சோலைமுத்துவின் கண் முள்ளைவிட்டு மேலே போனது. வீலில் பச்சை டேக் தொங்கியது. அதற்குப் பக்கத்தில், கம்பியில், ஒரு பிளக்.

அவர் இன்று பிளக் கட்டவில்லை.

காற்றில்லாத பட்டறைக்குள் அது மெதுவாக, ஊசல்போல் ஆடிக்கொண்டிருந்தது. தலையில் ஓர் ஓரம் தேய்ந்த பழைய பிளக். அவருக்குத் தெரியும் அதை. வெடித்த அன்று கம்பி அறுந்து எங்கோ பறந்துபோனது. பிறகு கிடைக்கவே இல்லை. யாரும் தேடவும் இல்லை. அப்படி ஒன்று இருந்ததே அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

ஆரிப்பின் வேலையாக இருக்கும். கேலிக்காரப் பயல். எங்கோ கிடந்ததைப் பொறுக்கி...

"ஆரிப்!"

குரல் தகரத்தில் பட்டுத் திரும்பவில்லை. பஞ்சுக்குள் கத்தியதுபோல் அமுங்கியது. காது அடைத்திருப்பதை அப்போதுதான் உணர்ந்தார். விமானம் இறங்கும்போது அடைக்குமே, அதுபோல. எச்சில் விழுங்கினார். அடைப்பு விடவில்லை.

கேபினுக்கு வேகமாகத் திரும்பினார். டிராயர். அடித்தட்டு. பாஸ்போர்ட் நகல்கள், இக்காமா எனும் குடியிருப்பு அட்டையின் நகல்கள், அவற்றுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் உறை. அன்று கையெழுத்திட்ட பழைய டேக் அதில்தான் இருந்தது. பதினொரு மாதமாக எரிக்க நினைத்து எரிக்கவில்லை. தன் கையெழுத்தைத் தானே கிழிக்க அவருக்கு மனம் வரவில்லை.

உறை வெறுமையாக இருந்தது. உள்பக்கம் ஈரம். விரலை வைத்தார், சுரீர் என்று சுட்டது. சூடல்ல. குளிர்.

அன்று அந்தச் சத்தம் கேட்டு அவர்தான் முதலில் ஓடினார். நாற்பத்தாறு டிகிரி வெயிலில் விஜயபாஸ்கர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அவன் முன்பக்கம் முழுவதும் வெள்ளையாக இருந்தது. புருவம், மீசை, கண் இமை, எல்லாவற்றிலும் உறைபனி. வாயிலிருந்து புகைபோல் மூச்சு. நெஞ்சு இருக்க வேண்டிய விதத்தில் இல்லை. கண் மட்டும் உயிரோடு இருந்தது.

சோலைமுத்து அவனிடம் போகவில்லை. வீலிடம் போனார். டேக்கைப் பிய்த்தார். மடித்துப் பையில் வைத்தார்.

முதலில் டேக். பிறகுதான் மாப்பிள்ளை.

அவன் பார்த்துக்கொண்டிருந்தான். அவர் கையை, அவர் பையை, பிறகு அவர் முகத்தை. கோபமே இல்லாமல். ஏதோ புரியாத வேலையை மாமா செய்கிறார், அதற்கும் ஒரு காரணம் இருக்கும் என்பதுபோல. "மாமா," என்றான். அவ்வளவுதான். அதை அவர் எந்த விசாரணையிலும் சொல்லவில்லை. அக்காவிடமும் சொல்லவில்லை.

கேபின் ஜன்னல் கண்ணாடி பனித்திருந்தது. வெளிப்பக்கம். கையால் துடைத்தால் போகாத வெள்ளை.

கதவைத் தள்ளி வெளியே வந்தார். குளிர் அடித்தது. மூச்சு புகையாக வந்தது. பட்டறையில், கூரை வழியே நெருப்பாய் இறங்கும் வெயிலுக்கு நடுவே, வால்வு வெள்ளை பூத்துக் கிடந்தது. இரும்பு முழுவதும் பனி. மூடியின் மேல் மட்டும் இரண்டு இடத்தில் பனி இல்லை.

இரண்டு உள்ளங்கைகளின் அளவுக்கு.

முள் முப்பது.

கழற்று என்று அவருக்குள் முப்பத்தொரு வருஷம் சொன்னது. அன்றைக்குச் செய்யாததை இன்றைக்குச் செய். ஸ்பானரை எடுத்தார். மண்டி போட்டார். எதிரே நிற்காதே, பக்கவாட்டில் இரு. பிளக்கில் ஸ்பானரை மாட்டி முழுப் பலத்தோடு இழுத்தார். அசையவில்லை. உடம்பின் எடையைப் போட்டார். கை இரும்பில் பட்டு ஒட்டிக்கொண்டது. பிய்த்து எடுத்தபோது உள்ளங்கைத் தோல் அங்கேயே தங்கியது.

முப்பத்தெட்டு.

ஓடினார். பக்கத்துக் கதவு. வெளிப்பக்கம் திறக்கும் கதவு, தாழ்ப்பாள் நீக்கித்தான் கிடந்தது. தள்ளினார். நகரவில்லை. தோளால் இடித்தார். கதவும் சட்டமும் ஒரே இரும்பாக இறுகியிருந்தன. திரும்பி ஷட்டருக்கு ஓடினார். அடிக்கம்பியைப் பிடித்துத் தூக்கினார். ஷட்டர் தகடு வெளிப்பக்கமாகப் புடைத்திருந்தது. உள்ளிருந்து எதுவோ தள்ளுவதுபோல்.

உள்ளிருந்து.

பட்டறையில் அவர் மட்டும்தான் இருந்தார்.

தள்ளத் தள்ள இறுகும். இந்தப் பக்கமும். அந்தப் பக்கமும். கதவை விட்டு மெல்லப் பின்னால் வந்தார். பட்டறையின் நடு வயிற்றுக்கு. கண்ணின் பின்னால் ஒரு கனம். பல்லின் வேரில். விலாவில். எல்லாத் திசையிலிருந்தும் ஒரே அளவில், ஒரு கை மெதுவாகப் பொத்திப் பிடிப்பதுபோல்.

திரும்பிக் கேஜைப் பார்த்தார்.

முள் பூஜ்யத்தில் இருந்தது. மயிரிழைகூட விலகாமல், கோட்டின் மேல் படுத்திருந்தது. வால்வின் மேல் பனி இல்லை. வெறும் துரு பிடித்த இரும்பு. வீலில் பிளக் இல்லை. அவர் இன்று கட்டிய டேக்கும் இல்லை.

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. தோலுரிந்த கையின் விரலால் அழுத்தினார்.

"தம்பி." அக்காவின் குரல் கிணற்றின் அடியிலிருந்து வந்தது. "யோசிச்சியா?"

சொல்லிவிட வேண்டும். இப்போதே. கையெழுத்து என்னது அக்கா. பிளக் கழற்றவில்லை. அவன் என்னை நம்பினான். சபையில் சொல்கிறேன், சம்பந்தி வீட்டில் சொல்கிறேன், எங்கே வேண்டுமானாலும் சொல்கிறேன்.

வாயைத் திறக்க முயன்றார். உதடுகள் பிரியவில்லை. உள்ளிருந்து வார்த்தை முட்ட முட்ட, பல்லும் உதடும் இன்னும் இறுகின. பல்லிடுக்கில் காற்று மட்டும் வந்தது. சீறல்.

"அதே சத்தம்," என்றாள் அக்கா. "தம்பி, அது நீயா?"

போன் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. வெளிச்சம் மங்கியது.

சோலைமுத்து தலையை உயர்த்தினார்.

கூரையின் ஃபைபர் ஷீட்டின் மேல், உச்சி வெயிலில், ஒரு நிழல் மண்டி போட்டு உட்கார்ந்திருந்தது. அகன்ற தோள். தொழிலாளியின் தொப்பி. அவருக்கு நேர் மேலே. எதிரே நிற்காதே என்று எத்தனையோ தடவை சொல்லிக்கொடுத்த அதே இடத்தில். அதன் கையில் சதுரமான சின்ன அட்டை. வெயில் அதில் பட்டுப் பச்சையாகக் கீழே விழுந்து அவர் முகத்தில் அசைந்தது.

நிழல் அட்டையைப் படித்தது. நிதானமாக.

வேண்டாம் மாப்ள. தடவிப் பாரு. ஒரே ஒரு தடவ தடவிப் பாருடா.

சீறல்.

நிழல் எதையும் தடவிப் பார்க்கவில்லை. அட்டையை முதலில் ஒரு கண்ணில் ஒற்றியது. பிறகு மறு கண்ணில்.

கூரையின் ஒரு மூலையில் நட்டு ஒன்று கிறீச்சிட்டுத் திரும்பியது. அதற்கு நேர் எதிர் மூலையில் இன்னொன்று.